ஆறாத வாய்ப்புண், தீராத கண் சிவப்பு: ஆட்டோ இம்யூன் கொப்புள நோயைக் கண்டுபிடிப்பது, கண்ணைக் காப்பாற்றுவது எப்படி

வாயில் வந்த புண் இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் அதை வழக்கமான வாய்ப்புண் கணக்கில் சேர்க்காதீர்கள். வைட்டமின் மாத்திரை, தடவிக்கொள்ளும் ஜெல், வாய் கொப்பளிக்கும் மருந்து என்று மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, கண் சிவந்து இமை ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் "இது வேற ஏதோ" என்று தோன்றும் நிலைக்குப் பலர் போய்விடுகிறார்கள். அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆறாத புண்ணுக்குப் பல காரணங்கள் உண்டு: கூரான பல் உரசுவது, லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோய், சில நேரம் புற்றுநோய். இங்கே நான் பேசப்போவது அவற்றில் அரிதான ஒரு கூட்டத்தைப் பற்றி. நம் எதிர்ப்பு சக்தியே நம் சவ்வுகளைத் தாக்கிக் கொப்புளம் போடவைக்கும் நோய்கள் இவை. பெம்ஃபிகஸ் வல்காரிஸ், மியூக்கஸ் மெம்பிரேன் பெம்ஃபிகாய்ட் என்ற இரண்டும் முக்கியம். இரண்டுமே தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பக்கத்தில் படுத்தாலும், முத்தம் கொடுத்தாலும் யாருக்கும் பரவாது. குடும்பத்தில் உள்ளவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள், ஆனால் வித்தியாசம் பெரியது. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொண்டால், செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் இருக்கும் காரை பெயர்வது பெம்ஃபிகஸ். சுவர் மொத்தமாக அஸ்திவாரத்திலிருந்து விடுபடுவது பெம்ஃபிகாய்ட். பெம்ஃபிகஸில் ஆன்டிபாடிகள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதங்கள், தவறுதலாகத் தாக்குவது டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தை. வாயில் மட்டும் நோய் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் டெஸ்மோக்ளீன் 3-க்கு எதிராகவும், தோலுக்கும் பரவியவர்களுக்கு டெஸ்மோக்ளீன் 1-க்கு எதிராகவும் சேர்ந்து இருக்கும். பெம்ஃபிகாய்டில் பிபி180, லாமினின் 332, இன்டெக்ரின் போன்ற அடித்தளப் புரதங்கள் இலக்காகின்றன. இந்த இரண்டு நோய்களும் வேறுவேறு என்று 1953-ல் பிரித்துக் காட்டியவர் வால்டர் லீவர் என்ற தோல் மருத்துவர்.

கண்ணுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பெம்ஃபிகஸ் கண்ணைச் சிவக்க வைக்கலாம், ஆனால் தழும்பு விடுவது அரிது. பெம்ஃபிகாய்ட் அப்படியில்லை. அது ஆறும்போது தழும்பு விட்டுத்தான் ஆறும். வாயில் அந்தத் தழும்பு பெரிதாகத் தெரியாது, தொந்தரவும் குறைவு. கண்ணிலோ அதே தழும்பு இமையையும் விழியையும் ஒட்டவைத்து, கண்ணீரை வற்றவைத்து, கடைசியில் கருவிழியையே மங்கலாக்கிவிடும். போன பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம். அதனால்தான், வாயில் பெம்ஃபிகாய்ட் என்று உறுதியான ஒவ்வொருவரும், கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், கண் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும் என்று சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்

கொப்புள நோய் என்று பெயர் இருந்தாலும் வாயில் கொப்புளத்தைப் பார்ப்பது அபூர்வம். சாப்பிடும்போதும் பேசும்போதும் அது உடைந்துவிடும். கண்ணில் படுவது சிவந்த, பச்சையான புண் மட்டும்தான். பெம்ஃபிகஸில் கன்னத்தின் உள்பக்கம், அண்ணம், உதட்டின் உள்பக்கம் எல்லாம் ஒழுங்கற்ற ஓரத்தோடு மேலாகத் தோல் உரிந்ததுபோல் இருக்கும், வலி தாங்காது. பெரும்பாலானவர்களுக்கு வாயில்தான் முதலில் தொடங்குகிறது, தோலில் கொப்புளம் வருவது அதற்குப் பல வாரமோ மாதமோ கழித்துத்தான். ஓரத்தைப் பிடித்து உரித்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம், நல்லாயிருக்கும் இடமும் சேர்ந்து உரிந்துவிடும்.

பெம்ஃபிகாய்ட் ஈறில்தான் அதிகம் தங்கும். ஈறு முழுக்கச் செக்கச் சிவந்து, பளபளவென்று, பல் தேய்த்தாலே உரிந்து ரத்தம் வரும். இதைச் சாதாரண ஈறு நோய் என்று நினைத்து பல்லைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பார்கள், குணமாகாது. நன்றாகப் பல் தேய்ப்பவர், கறை அதிகம் இல்லை, ஆனாலும் ஈறு உரிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. ஆனால் இளையவர்களுக்கும் வரும்.

கண்ணில் ஆரம்பம் மிகச் சாதாரணமாக இருக்கும்: மண் விழுந்ததுபோல் உறுத்தல், சிவப்பு, நீர் வடிவது, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, காலையில் இமை ஒட்டுவது. முதலில் ஒரு கண்ணில் வரும், அப்புறம் இன்னொன்றிலும் வந்துவிடும். கண் வலி என்று சொட்டு மருந்து கொடுப்பார்கள், கொஞ்சம் குறையும், திரும்ப வரும். இமை முடி உள்பக்கம் திரும்பி விழியைக் குத்துவது இன்னொரு முக்கியமான அடையாளம்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்து, விழியை மேலே பாருங்கள். இமைக்கும் விழிக்கும் நடுவில் ஒரு பை போன்ற பள்ளம் ஆழமாக, வழவழப்பாக இருக்கவேண்டும். அந்தப் பள்ளம் மேலேறியதுபோல் தெரிந்தாலோ, வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருந்தாலோ, இமையிலிருந்து விழிக்கு ஒரு நரம்பு இழுத்துக் கட்டியதுபோல் தெரிந்தாலோ அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள், ஆரம்பத் தழும்பு ஸ்லிட் லேம்ப் கருவியில் மட்டும்தான் தெரியும். மேல் இமையைத் திருப்பிப் பார்க்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

மூக்கில் பொருக்கு தட்டி ரத்தம் வருவது, குரல் கம்முவது, சாப்பாடு நெஞ்சில் சிக்குவது, பிறப்புறுப்பில் புண், ஆசனவாயில் எரிச்சல், இவை எல்லாம் இதே நோயின் வேறு கிளைகளாக இருக்கலாம். கூச்சப்பட்டு மறைத்தால் பல் மருத்துவர் ஈறை மட்டும் பார்ப்பார், கண் மருத்துவர் கண்ணை மட்டும் பார்ப்பார், யாருக்கும் முழுப்படம் கிடைக்காது. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி எல்லா மருத்துவரிடமும் அதே தாளைக் கொடுங்கள்.

பயாப்ஸி: இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்

இந்த நோயை வெறும் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தாக வேண்டும், அதுவும் இரண்டு துணுக்கு. முதலாவது புண்ணின் ஓரத்திலிருந்து எடுப்பது, அது சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போகும், எந்த அடுக்கில் பிளவு இருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது, புண்ணுக்குப் பக்கத்தில், பார்க்க நன்றாக இருக்கும் இடத்திலிருந்து எடுப்பது. அது டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற சோதனைக்கு. ஆன்டிபாடி எங்கே படிந்திருக்கிறது என்று ஒளிரவைத்துக் காட்டும் சோதனை இது, நோயின் பெயரைத் தீர்மானிப்பதும் இதுதான்.

இந்த இரண்டாவது துணுக்கு தப்பித் தவறியும் ஃபார்மலினில் விழக்கூடாது. விழுந்தால் சோதனை வீண். மைக்கேல்ஸ் மீடியம் என்ற திரவத்திலோ, சீக்கிரம் கொண்டுபோக முடிந்தால் சலைனிலோ போகவேண்டும். அதேபோல் புண்ணின் நடுவிலிருந்து எடுத்தாலும் பயன் இல்லை, அங்கே மேல்தோலே இருக்காது. எடுப்பதற்கு முன்னால் தயங்காமல் கேளுங்கள்: "இம்யூனோஃப்ளோரசன்ஸுக்குத் தனியாக ஒரு துணுக்கு எடுக்கிறீர்களா, எந்த திரவத்தில் அனுப்புகிறீர்கள்?" மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார். வாய்ப்பு இருந்தால் வீங்கிய ஈறைவிடக் கன்னத்தின் உள்பக்கம் நல்ல இடம், ஏனென்றால் ஈறில் ஏற்கெனவே இருக்கும் அழற்சி முடிவைக் குழப்பும். ஸ்டீராய்டு மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

முடிவு வரும்போது இப்படிப் படியுங்கள்: ஐஜிஜி என்ற ஆன்டிபாடி, சி3 என்ற எதிர்ப்பு சக்திப் புரதம் இரண்டும் செல்களுக்கு நடுவில் வலைபோல் படிந்திருந்தால் பெம்ஃபிகஸ். அடித்தளத்தில் ஒரே கோடாகப் படிந்திருந்தால், சில நேரம் ஐஜிஏ என்ற இன்னொரு ஆன்டிபாடியும் சேர்ந்து, பெம்ஃபிகாய்ட் பக்கம். பெம்ஃபிகஸுக்கு டெஸ்மோக்ளீன் எலைசா என்ற ரத்தப் பரிசோதனையும் நன்றாக உதவும், பின்னாளில் நோய் அடங்குகிறதா என்று பார்க்கவும் அதையே திரும்ப எடுப்பார்கள். பெம்ஃபிகாய்டில் ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம்.

கண்ணில் மட்டும் நோய் இருப்பவர்களுக்குக் கண் சவ்விலிருந்து எடுக்க வேண்டி வரும், அது பல நேரம் நெகட்டிவ் என்று வரும். நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. தழும்பு கூடிக்கொண்டே போனால், வேறு காரணங்களை ஒதுக்கிய பிறகு, அனுபவமுள்ள கண் மருத்துவர் சிகிச்சையை ஆரம்பிக்கலாம், அல்லது திரும்ப எடுக்கச் சொல்லலாம். இன்னொன்று, குளுகோமா என்ற கண் அழுத்த நோய்க்குப் பல வருடம் சொட்டு மருந்து போட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி தழும்பு வருவதுண்டு. போட்ட எல்லாச் சொட்டு மருந்துகளையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

லாமினின் 332-க்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதாகத் தெரிந்தால், உடம்பில் எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று தேடச் சொல்வார்கள். பயந்து தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள், சீக்கிரம் தெரிந்தால் அதுவும் நல்லதுதான்.

சிகிச்சையில் தெரிந்திருக்க வேண்டியவை

2002-ல் பன்னாட்டு வல்லுநர்கள் சேர்ந்து மியூக்கஸ் மெம்பிரேன் பெம்ஃபிகாய்டை இரண்டாகப் பிரித்தார்கள். வாயில் மட்டும், அல்லது வாயிலும் தோலிலும் இருந்தால் குறைந்த ஆபத்து. கண், குரல்வளை, உணவுக்குழாய், மூக்கு-தொண்டை, பிறப்புறுப்பு இதில் எதுவாவது சேர்ந்தால் அதிக ஆபத்து. எவ்வளவு வீரியமான மருந்து என்பதை இந்தப் பிரிவுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

வாயில் மட்டும் லேசாக இருந்தால் குளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு ஜெல்லிலேயே ஆரம்பிக்கலாம். தடவும் முன் அந்த இடத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள், இல்லாவிட்டால் எச்சிலோடு போய்விடும். தடவிய பிறகு அரை மணி நேரம் சாப்பிடாமல், குடிக்காமல் இருங்கள். ஈறு முழுக்க நோய் இருந்தால் பல் வரிசைக்கு ஏற்ற ட்ரே ஒன்றைப் பல் மருத்துவர் செய்து தருவார், அதில் ஜெல்லை வைத்து மாட்டிக்கொண்டால் மருந்து ஈறோடு ஒட்டி நிற்கும். இது ரொம்ப நல்ல ஏற்பாடு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாக்கில் வெள்ளையாகப் படிந்து எரிந்தால் பூஞ்சைத் தொற்று வந்திருக்கும், அதற்குத் தனி மருந்து உண்டு.

கண்ணில் நோய் இருந்தால் சொட்டு மருந்து மட்டும் போதாது என்பதை மனதில் வையுங்கள். சொட்டு மருந்து எரிச்சலைக் குறைக்கும், நோயை நிறுத்தாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையோ ஊசியோ தேவைப்படும்: டாப்சோன், மைக்கோஃபெனலேட், அசத்தியோபிரின், மெத்தோட்ரெக்சேட், தீவிரமானவர்களுக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ரிட்டுக்சிமாப், நரம்பு வழியாக ஆன்டிபாடி ஏற்றும் ஐவிஐஜி. கண் சிவப்பு குறைந்துவிட்டது என்பதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தினால், உள்ளே தழும்பு சத்தமில்லாமல் கூடிக்கொண்டே போகும்.

பெம்ஃபிகஸில் நிலைமை நிறைய மாறியிருக்கிறது. ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். 2017-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ரிட்டுக்சிமாபோடு குறுகிய கால ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு வருடம் கழித்து ஸ்டீராய்டு இல்லாமலே நோய் முழுதாக அடங்கிய நிலையில் இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் அது 34 சதவீதம்தான். 2018-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மிதமான, தீவிரமான பெம்ஃபிகஸ் வல்காரிஸுக்கு ரிட்டுக்சிமாபை அனுமதித்தது. கடைசி வழி என்று ஒதுக்கி வைக்காமல் ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசுவது நல்லது என்பது என் கருத்து.

மருந்து தொடங்குவதற்கு முன் சில பரிசோதனைகளைத் தவறவிடக்கூடாது. டாப்சோனுக்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் ரத்தப் பரிசோதனை: அந்த நொதி குறைவாக இருந்தால் ரத்த அணுக்கள் மளமளவென்று உடையும். டாப்சோன் எடுக்கும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை. ரிட்டுக்சிமாபுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, மறைந்திருக்கும் வைரஸ் தலைதூக்கும் என்பதால். அசத்தியோபிரினுக்கு முன், அந்த மருந்தை உடம்பில் சிதைக்கும் டிபிஎம்டி என்ற நொதியின் பரிசோதனை. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மைக்கோஃபெனலேட், மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு பற்றி முன்கூட்டியே பேசியாக வேண்டும், இவை கருவைப் பாதிக்கும். தடுப்பூசிகளை முடிந்தவரை மருந்து ஆரம்பிக்கும் முன் போட்டுக்கொள்ளுங்கள், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் அப்புறம் போட முடியாது. ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு, கண் அழுத்தம் நான்கையும் கண்காணிக்கச் சொல்லுங்கள்.

தினசரி

பல் தேய்க்கப் பயந்து விட்டுவிட்டால் அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் மோசமாகும். மிக மென்மையான பிரஷ், நுரை தரும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத, காரமில்லாத பேஸ்ட், ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ் போதும். வலி அதிகமுள்ள நாளில் மரத்துப்போகும் ஜெல்லைத் தடவிக்கொண்டு தேய்க்கலாம். பல் சுத்தம் செய்துகொள்வதை நோய் கொஞ்சம் அடங்கிய பிறகு, இந்த நோயைப் பற்றித் தெரிந்த பல் மருத்துவரிடம் வைத்துக்கொள்ளுங்கள். சூடு, காரம், புளிப்பு, மொறுமொறுப்பு நான்கும் புண் இருக்கும்வரை ஆகாது. ஆறிய, குழைந்த சாப்பாடாகச் சாப்பிடுங்கள், எடை இறங்கிக்கொண்டே போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணுக்குப் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீரை அடிக்கடி விடுங்கள், ராத்திரிக்குக் களிம்பு. இமை ஓரத்தைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், கண் அழுத்தமும் புரையும் வந்துசேரும். உள்ளே திரும்பிய இமை முடியை வீட்டில் பிடுங்கினால் அறுந்த அடிமுனை முன்பைவிடக் கூராகக் குத்தும், அதைக் கண் மருத்துவர் எடுக்கட்டும். புரை அறுவை, இமை அறுவை எதுவானாலும் நோய் மாத்திரையால் நன்றாக அடங்கியிருக்கும்போது மட்டும்தான். சிவந்திருக்கும் கண்ணில் கத்தி வைத்தால் நோய் வெறிகொண்டு கிளம்பும். கண் அறுவை செய்யச் சொன்னால், உங்கள் தோல் மருத்துவரோடு பேசிவிட்டீர்களா என்று கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மூச்சு விடும்போது விசில்போல் சத்தம், மூச்சுத்திணறல். கண்ணில் திடீரென்று கடும் வலி, பார்வை குறைவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும்போது காய்ச்சல். தண்ணீர்கூட விழுங்க முடியாத நிலை. இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. இன்னொரு நிலைமையும் இருக்கிறது: புதிய மாத்திரை ஏதாவது ஆரம்பித்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு வாய், கண், தோல் மூன்றும் ஒரே நேரத்தில் புண்ணானால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். சந்தேகத்துக்குரிய மாத்திரையை அடுத்த வேளை போடாமல், அதன் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

நோய் அடங்கிய பிறகும் இரண்டும் திரும்ப வரக்கூடியவை, அதனால் மருந்து குறைக்கும் மாதங்களில்தான் கவனம் அதிகம் தேவை. மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்தும், ஈறுகளையும் கைப்பேசியில் படம் எடுத்து, தேதியோடும் அன்று சாப்பிட்ட மருந்தின் அளவோடும் சேர்த்து வையுங்கள். "போன தடவையைவிடக் கூடியிருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்கும்போது ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்வதைவிட அந்தப் படங்களை வரிசையாகக் காட்டுவது எவ்வளவோ மேல், முக்கியமாகக் கண் மருத்துவர் மாறும்போது.